புராஸ்டேட் வீக்கம்: எந்த ஆபரேஷன் யாருக்கு?

ராத்திரி நாலைந்து தடவை எழுந்திருப்பார். கழிப்பறைக்குப் போவார். அங்கே வெகு நேரம் நிற்பார். சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். திரும்பி வந்து படுப்பார். கண் அயர்வதற்குள் மறுபடியும் எழுந்துவிடுவார்.

வயதான ஆண்கள் இருக்கும் பல வீடுகளில் இது அன்றாடக் காட்சி. "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் உள்ளவர்கள் விட்டுவிடுகிறார்கள். அவரும் வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே சொல்வதில்லை.

திடீரென்று ஒரு நாள் சிறுநீர் அடியோடு நின்றுவிடுகிறது. அடிவயிறு உப்பி, அவர் வலியால் துடிக்கும்போதுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள்.

இதற்குப் பெரும்பாலும் காரணம், புராஸ்டேட் சுரப்பியின் வீக்கம். அதைச் சரி செய்யப் பலவகை ஆபரேஷன்கள் இருக்கின்றன. அவற்றில் எது நல்லது?

எங்கே இருக்கிறது?

புராஸ்டேட் ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி. மூத்திரப்பைக்குக் கீழே இருக்கிறது. சிறுநீர்க் குழாய் இதன் நடுவே புகுந்து வருகிறது. விந்தோடு கலக்கும் ஒரு நீரைச் சுரப்பதுதான் இதன் வேலை.

வாலிபத்தில் இதன் எடை சுமார் 20 கிராம். நாற்பது வயதுக்கு மேல் இது மெல்ல மெல்லப் பருக்கத் தொடங்கும். 50 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த வீக்கம் இருக்கிறது. எல்லோருக்கும் அது தொல்லை கொடுப்பதில்லை. பருத்த சுரப்பி குழாயை நெருக்கினால்தான் தொல்லை.

இது புற்றுநோய் அல்ல. புற்றுநோயாக மாறுவதும் இல்லை.

எப்போது ஆபரேஷன்?

முதலில் மாத்திரைதான். ஒரு வகை மாத்திரை, குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்தும். சில நாட்களிலேயே பலன் தெரியும். இன்னொரு வகை, சுரப்பியையே சிறிதாக்கும். அதற்கு ஆறு மாதம் வரை பொறுத்திருக்க வேண்டும்.

மாத்திரைக்கு அடங்காவிட்டால் ஆபரேஷன். சிறுநீர் அடிக்கடி அடைத்துக்கொண்டாலும், மூத்திரப்பையில் கல் உண்டானாலும், சிறுநீரில் இரத்தம் வந்துகொண்டே இருந்தாலும், சிறுநீரகம் கெடத் தொடங்கினாலும் ஆபரேஷனைத் தள்ளிப் போடக் கூடாது.

வயிற்றைக் கிழித்த காலம்

பீட்டர் ஃபிரேயர் என்று ஒரு டாக்டர். அயர்லாந்துக்காரர். வெள்ளைக்காரர் ஆட்சியில் இந்தியாவில் பல ஆண்டுகள் சர்க்கார் டாக்டராக வேலை பார்த்தவர். பிறகு லண்டனுக்குத் திரும்பினார்.

1900ஆம் ஆண்டில் அங்கே ஒரு நோயாளிக்கு அடிவயிற்றைக் கிழித்தார். மூத்திரப்பையைத் திறந்தார். உள்ளே விரலை விட்டு, சுரப்பியின் வீங்கிய பகுதியை அப்படியே பெயர்த்து எடுத்தார். நியூயார்க் டாக்டர் ஃபுல்லர் 1894லேயே இப்படிச் செய்திருந்தார். ஆனாலும் ஃபிரேயர் செய்த பிறகுதான் இந்த முறை உலகமெங்கும் பரவியது.

காய்ந்த தேங்காயைச் சிரட்டையிலிருந்து முழுக் கொப்பரையாகப் பெயர்த்து எடுப்பதைப் போன்றது இது. சுரப்பியின் மேல் ஓடு மட்டும் உள்ளேயே இருக்கும். மிகப் பெரிய வீக்கங்களுக்கு இந்த ஆபரேஷன் இன்றும் உண்டு. அடைப்பு நன்றாக நீங்கும். ஆனால் வயிற்றில் காயம் ஆற வேண்டும். இரத்தச் சேதமும் மற்ற முறைகளைவிட அதிகம்.

துருவி எடுப்பது

வயிற்றைக் கிழிக்காமலே ஆபரேஷன் செய்ய 1926ல் வழி பிறந்தது. நியூயார்க் டாக்டர் மாக்சிமிலியன் ஸ்டெர்ன் அதற்கு ஒரு கருவி செய்தார். அது பின்னால் மேலும் சீர்திருந்தியது.

அந்தக் கருவியைச் சிறுநீர்த் துவாரத்தின் வழியாகவே உள்ளே செலுத்துகிறார்கள். அதன் நுனியில் மின்சாரம் பாயும் கம்பி வளையம் இருக்கிறது. அது சுரப்பியை உள்ளிருந்து துண்டு துண்டாகச் சீவுகிறது. தேங்காய் துருவுவதைப் போலத்தான். இதை டாக்டர்கள் 'டர்ப்' என்கிறார்கள்.

முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்துவிட்டுச் செய்வதே வழக்கம். இரண்டு மூன்று நாள் சிறுநீர் போக டியூப் இருக்கும். வெகு காலமாகச் செய்து பழகிய ஆபரேஷன் இது. பல ஊர்களில் செய்கிறார்கள். மற்ற முறைகளை இதோடு ஒப்பிட்டுத்தான் எடை போடுகிறார்கள்.

ஆனால் சுரப்பி மிகப் பெரிதாக இருந்தால் துருவ நேரம் பிடிக்கும். கழுவ விடும் நீர் உடம்புக்குள் அதிகம் ஏறினால், இரத்தத்தில் உப்புக் குறைந்து ஆபத்து உண்டாகலாம். உப்பு நீரையே விட்டுச் செய்யும் 'பைபோலார்' கருவி வந்த பிறகு இந்த ஆபத்து வெகுவாகக் குறைந்திருக்கிறது.

லேசர்

1990களில் நியூசிலாந்து டாக்டர் பீட்டர் கில்லிங் ஒரு புது முறையை உருவாக்கினார். இதன் பெயர் 'ஹோலெப்'. இதிலும் கருவி சிறுநீர்த் துவாரத்தின் வழியாகத்தான் போகிறது. ஆனால் துருவுவதில்லை. லேசர் ஒளியால் கொப்பரை போலவே முழுசாகப் பெயர்க்கிறார்கள். பிறகு அதை மூத்திரப்பைக்குள் தள்ளி, பொடிப்பொடியாக்கி உறிஞ்சி எடுக்கிறார்கள்.

எவ்வளவு பெரிய சுரப்பிக்கும் இது ஏற்றது. இரத்தம் குறைவாகப் போகும். டியூபைச் சீக்கிரம் எடுத்துவிடலாம். ஆனால் இதைக் கற்றுக்கொள்வது கடினம். கை தேர்ந்த டாக்டர் வேண்டும்.

பச்சை லேசரால் சுரப்பியை ஆவியாக்கும் முறையும் உண்டு. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் இருதய நோயாளிகளுக்கு லேசர் முறைகள் ஏற்றவை. அதற்காக, அந்த மாத்திரையைத் தாமாகவே யாரும் நிறுத்திவிடக் கூடாது.

வெட்டாத முறைகள்

'யூரோலிஃப்ட்' முறைக்கு அமெரிக்க அரசு 2013ல் அனுமதி கொடுத்தது. சுரப்பியை வெட்டுவதே இல்லை. திரைச்சீலையை இரு பக்கமும் ஒதுக்கிக் கட்டுவது போல, சிறு கொக்கிகளால் சுரப்பியை இழுத்துக் கட்டி வழி உண்டாக்குகிறார்கள். 2015ல் அனுமதி பெற்ற 'ரெஸும்' முறையில், நீராவியைச் செலுத்திச் சுரப்பியைச் சுருங்கச் செய்கிறார்கள். இதன் பலன் தெரியச் சில வாரம் ஆகும்.

இவை சிறிய, நடுத்தர வீக்கங்களுக்குத்தான். உடம்புக்குச் சிரமம் குறைவு. பலனும் குறைவு. யூரோலிஃப்ட் பற்றிய ஓர் ஆராய்ச்சியில், 100 பேரில் சுமார் 14 பேருக்கு 5 ஆண்டுக்குள் மறுபடியும் சிகிச்சை தேவைப்பட்டது.

கேட்கத் தயங்கும் கேள்வி

ஆபரேஷன் செய்தால் தாம்பத்திய வாழ்க்கை என்ன ஆகும்? பலர் வெட்கப்பட்டு இதைக் கேட்பதில்லை. பின்னால் மனம் நொந்துபோகிறார்கள்.

டர்ப் செய்துகொண்டவர்களில் 10 பேரில் 6, 7 பேருக்கு விந்து வெளியே வராது. அது மூத்திரப்பைக்குள் போய், பிறகு சிறுநீரோடு கழிந்துவிடும். ஹோலெப்பிலும், வயிற்றைக் கிழித்துச் செய்வதிலும் இப்படியே. இதனால் உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆண்மை போய்விட்டதாகவும் அர்த்தம் இல்லை. ஆனால் இயற்கையாகக் குழந்தை பிறப்பது கடினம். யூரோலிஃப்ட், ரெஸும் முறைகளில் இந்த மாறுதல் மிக அரிது.

எழுபது வயதுக்காரருக்கு இது பெரிதாகத் தோன்றாமல் இருக்கலாம். ஐம்பது வயதுக்காரருக்குப் பெரிதாக இருக்கலாம். அதை முடிவு செய்ய வேண்டியவர் அவரேதான். அதற்கு முதலில் அவருக்கு விஷயம் தெரிய வேண்டும்.

யாருக்கு எது?

ஸ்கேன் எடுத்தால் சுரப்பியின் அளவு தெரியும். 30 கிராமுக்குக் குறைவென்றால், குழாயின் வாயில் ஒரு கீறல் போட்டாலே போதுமானதாக இருக்கலாம். 30 முதல் 80 வரை டர்ப். அதற்கு மேல் ஹோலெப், அல்லது வயிற்றைக் கிழித்துச் செய்வது. பொதுவான கணக்கு இதுதான். நோயாளியின் வயது, இருதயம், அவருடைய விருப்பம் எல்லாவற்றையும் பார்த்து டாக்டர் இதை மாற்றக்கூடும்.

ஆகவே, 'எது புதியது, எது விலை உயர்ந்தது' என்று கேட்காதீர்கள். 'என் சுரப்பி எவ்வளவு பெரிது? எனக்கு ஏன் இந்த முறை? பின்விளைவு என்ன? இதை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?' என்று கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆபரேஷனுக்குப் பிறகும் ஓடு உள்ளேயே இருக்கிறது. அதில் புற்றுநோய் வர இடம் உண்டு. எனவே டாக்டர் சொல்லும் பரிசோதனைகளை விடக் கூடாது.

சிறுநீர் கழிக்கவே முடியாமல் அடிவயிறு வலித்தால், நடு ராத்திரியானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.