உஷார்! எச்சில் டெஸ்ட்டில் ‘இல்லை’ என்று வந்ததா? நம்பிவிடாதீர்கள்

அம்மாவுக்கோ அக்காவுக்கோ மார்பகப் புற்றுநோய் வந்த வீட்டுப் பெண்கள் இதை அவசியம் படிக்க வேண்டும். சின்னக் குழாயில் எச்சிலைத் துப்பி அனுப்பினால் மரபணுவைச் சோதித்துச் செல்போனுக்கே முடிவைச் சொல்லும் ‘கிட்’கள் அமெரிக்காவில் பல ஆண்டுகளாக விற்பனையில் இருக்கின்றன. ‘பிறழ்வு எதுவும் காணப்படவில்லை’ என்ற ஒரு வரியைப் பார்த்ததும் மனசு லேசாகிவிடும். இனி மேமோகிராம் எதற்கு, டாக்டர் எதற்கு என்று தோன்றும். ஆபத்தே அங்கேதான் தொடங்குகிறது.

2018 மார்ச்சில் ‘23அண்ட்மீ’ நிறுவனத்தின் டெஸ்ட்டுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற இரு மரபணுக்களில் அந்த டெஸ்ட் தேடியது மூன்றே மூன்று பிறழ்வுகளை. இவற்றில் அப்போதே ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிறழ்வுகள் தெரிந்திருந்தன! அந்த மூன்றும் கிழக்கு ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதர்களிடம் அதிகம் காணப்படுபவை. அவர்களில் சுமார் 2 சதவீதப் பெண்களுக்கு இருக்கும். மற்ற இனத்தவரிடம் 0.1 சதவீதத்தைத் தாண்டாது என்று அனுமதி கொடுத்த நிர்வாகமே சொன்னது. ‘இல்லை’ என்று வந்தாலும் புற்றுநோய் ஆபத்து குறைந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் சேர்த்தே எச்சரித்தது. ஆனால், ரிப்போர்ட்டைத் திறக்கும் கை நடுங்கும்போது அந்தப் பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்? 2019இல் ஒரு மரபணு ஆய்வகம் கணக்குப் பார்த்தது. பிஆர்சிஏ பிறழ்வு உள்ளவர்களில் கிட்டத்தட்ட 90 சதவீதம் பேரை இந்த மூன்று பிறழ்வு டெஸ்ட் கோட்டைவிட்டிருக்கும் என்று தெரிந்தது. 2023இல் பட்டியலை 44 பிறழ்வுகளாக விரிவாக்க அனுமதி கிடைத்தது. அதுவும் போதாது.

நம் பக்கத்துக்கு ஒரு செய்தி: அந்த மூன்றில் ஒன்றான 185டெல்ஏஜி, தென்னிந்தியப் பெண்களிடமும் கணிசமாகக் காணப்படுவதைச் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்டார்கள். அதற்காக அந்த ஒன்றை மட்டும் பார்த்தால் போதும் என்று ஆகிவிடாது. அதே ஆய்வில் அதுவரை எங்குமே பதிவாகாத பிறழ்வுகளும் கிடைத்தன.

தலைகீழான ஆபத்தும் உண்டு. கிட்டிலிருந்து கிடைக்கும் கச்சாத் தரவை வேறு இணையதளங்களில் ஏற்றி ‘உங்களுக்குப் பிறழ்வு இருக்கிறது’ என்று பதில் வாங்கியவர்களை, 2018இல் அமெரிக்க ஆய்வகம் ஒன்று மறுபடி சோதித்தது. சொல்லப்பட்ட பிறழ்வுகளில் 40 சதவீதம் இல்லவே இல்லை. முறையான ஆய்வகத்தில் உறுதி செய்யாமல் அறுவை சிகிச்சை வரை யோசிப்பது எவ்வளவு பெரிய விபரீதம்!

பிஆர்சிஏ மரபணுக்களின் வேலை, உடைந்த டிஎன்ஏவைச் சரிசெய்வது. அவை பழுதானால் செல்களில் கோளாறுகள் சேர்ந்துகொண்டே போகும். இளம் வயதிலேயே மார்பகப் புற்றுநோய் வரும் குடும்பங்களை ஆராய்ந்த அமெரிக்க மரபியலாளர் மேரி கிளேர் கிங், அதற்கான மரபணு ஒன்று 17ஆம் குரோமோசோமில் இருப்பதாக 1990இல் காட்டினார். அதற்குப் பிறகு வந்த பெரிய ஆய்வுகளில் ஒன்று 2017இல் வெளியானது. பிஆர்சிஏ1 பிறழ்வு உள்ள பெண்களில் 72 சதவீதத்தினருக்கும், பிஆர்சிஏ2 பிறழ்வு உள்ளவர்களில் 69 சதவீதத்தினருக்கும் 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரலாம் என்று அது மதிப்பிட்டது. சினைப்பைப் புற்றுநோய்க்கு அந்த அளவு 44, 17 சதவீதம்.

இன்னொரு இடத்தில் நாம் ஏமாறுகிறோம். ‘குடும்பத்தில் யாருக்காவது இருக்கிறதா?’ என்று டாக்டர் கேட்டால் அம்மா, பாட்டி, சித்தி என்று தாய்வழியை மட்டும் எண்ணிச் சொல்கிறோம். பெண்ணின் நோய் பெண் வழியாகத்தான் வரும் என்று நினைப்பதுதான் காரணம். தவறு! பிறழ்வு அப்பாவிடம் இருந்தால், பிள்ளை மகனோ மகளோ, கடத்தப்பட ஐம்பதுக்கு ஐம்பது வாய்ப்பு. அப்பா நன்றாகவே இருக்கலாம். அவருக்கு அக்கா தங்கை இல்லையென்றால் இரண்டு தலைமுறைக்கு அது வெளியே தெரியாமலே கிடக்கும். அப்பத்தா எதனால் இறந்தார், அப்பாவுடன் பிறந்த அத்தைக்கு ‘வயிற்றில் கட்டி’ என்றார்களே, அது சினைப்பையிலா என்று கேட்டுப் பாருங்கள். பெண்ணின் கல்யாணம் தடைபடும் என்று பயந்து எத்தனையோ வீடுகளில் இதை மூடி மறைத்திருக்கிறார்கள். அந்த மௌனம் அடுத்த தலைமுறைப் பெண்ணின் உயிரோடு விளையாடுகிறது. பெரியப்பா, சித்தப்பாவுக்குப் புராஸ்டேட், கணையப் புற்றுநோய் வந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பிஆர்சிஏ2 இவற்றிலும் சம்பந்தப்பட்டது.

முழுமையான டெஸ்ட்டிலேயே ‘இல்லை’ என்று வந்தாலும் குடும்ப ஆபத்து முற்றிலும் போய்விடாது. மார்பகப் புற்றுநோய்களில் 5 முதல் 10 சதவீதம்தான் இப்படி ஒற்றை மரபணுவால் நேரடியாக வருபவை. அம்மா, சகோதரி, மகள் ஆகியோரில் ஒருவருக்கு வந்திருந்தால் ஆபத்து 1.8 மடங்கு, இருவருக்கு என்றால் ஏறக்குறைய 3 மடங்கு என்று 2001இல் லான்செட் இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வு கண்டது. அதனால்தான், குடும்பத்தில் மிக இளம் வயதில் நோய் வந்தவரின் வயதுக்குப் பத்து ஆண்டுகள் முன்பே பரிசோதனையைத் தொடங்கச் சொல்கிறார்கள். பிஆர்சிஏ பிறழ்வு உறுதியானவர்களுக்கு 25 வயதிலிருந்தே ஆண்டுதோறும் எம்ஆர்ஐ, 30இலிருந்து மேமோகிராமும் என்பது அமெரிக்க வழிகாட்டுதல்.

ஆகவே டெஸ்ட் எடுக்க நினைத்தால், முதலில் சோதிக்க வேண்டியது உங்களை அல்ல, குடும்பத்தில் நோய் வந்தவரை. அவரிடம் ஒரு பிறழ்வு கண்டுபிடிக்கப்பட்டு, அதே பிறழ்வு உங்களிடம் இல்லையென்றால்தான் அது நம்பத்தக்க ‘இல்லை’. அவரைச் சோதிக்காமல் உங்களை மட்டும் சோதித்து வரும் ‘இல்லை’க்கு அந்த உறுதி கிடையாது, தேடத் தெரியாத இடத்தில் அது ஒளிந்திருக்கலாம். அத்தையோ அக்காவோ சிகிச்சையில் இருந்தால், அவரைப் பார்க்கும் புற்றுநோய் மருத்துவரிடம் மரபணு ஆலோசனை கேளுங்கள். தேவைப்படுவது அவரது கொஞ்சம் ரத்தம்தான். அவர் இருக்கும்போதே கேளுங்கள்.