நகல் போய்ச் சேரும் முகவரி

விலைப்புள்ளி கேட்பது, கொள்முதல் ஆணை தருவது, சரக்கு வந்து சேர்ந்ததை உறுதிசெய்வது, நிலுவைத் தொகையை நினைவூட்டுவது என வணிகத்தின் பெரும்பகுதி இன்று மின்னஞ்சல் வழியாகவே நடைபெறுகிறது. காகிதக் கோப்புகளின் காலத்தில் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஓர் அலுவலகப் படி கோப்பில் தங்கியது. எழுதிய ஊழியர் விலகிச் சென்றாலும் அந்தப் படி அலுவலகத்தை விட்டுப் போகவில்லை. மின்னஞ்சலில் அந்த வழக்கம் தானாக வந்துவிடுவதில்லை. அதனை நாமே ஏற்படுத்திக்கொள்ள வேண்டியுள்ளது. அதற்கென அமைந்ததே மின்னஞ்சல் காப்பகம்.

ஓர் அஞ்சலின் மதிப்பு

ராஜ்கோட்டில் பம்பு உதிரிபாகங்கள் செய்யும் ஒரு சிறு நிறுவனம், புனேயில் உள்ள நிறுவனம் ஒன்றுக்குச் சரக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய தொகையைச் சரக்கு ஏற்கப்பட்ட நாளிலிருந்து 45 நாட்களுக்கு மேல் நிறுத்திவைக்க எந்த ஒப்பந்தமும் இடம் தர முடியாது. தாமதித்தால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டியை மாதந்தோறும் கூட்டு வட்டியாகக் கணக்கிட்டுத் தர வேண்டும்.

ஏற்கப்பட்ட நாள் என்பது பொதுவாகச் சரக்கு ஒப்படைக்கப்பட்ட நாளே. ஆனால் வாங்கியவர் 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்திருந்தால், அந்த ஆட்சேபம் நீக்கப்பட்ட நாளே ஏற்கப்பட்ட நாளாகக் கொள்ளப்படும். இப்போது புனே நிறுவனம், “பன்னிரண்டாம் நாளே குறைகளைச் சுட்டி மின்னஞ்சல் அனுப்பினோம்” என்கிறது. அதைப் பெற்றதாகக் கூறப்படும் ஊழியர் வேலையை விட்டுச் சென்று பல மாதங்கள் ஆகிவிட்டன. அவருடைய கணக்கும் நீக்கப்பட்டுவிட்டது. நீக்கிய பயனரின் அஞ்சல் பெட்டியைப் பொதுவாக மைக்ரோசாஃப்ட் 365இல் 30 நாட்களுக்குள்ளும், கூகுள் வொர்க்ஸ்பேஸில் 20 நாட்களுக்குள்ளும் மட்டுமே மீட்க இயலும்.

ஓர் அஞ்சல் வந்தது என்று காட்ட அந்த ஓர் அஞ்சல் போதும். வரவில்லை என்று காட்டுவதற்கோ, வந்த அஞ்சல்கள் அனைத்தும் நம்மிடம் இருந்தாக வேண்டும். ஆகவே இடைவெளி இல்லாமையே காப்பகத்தின் உயிர்நாடி. நகல்கள் எந்த முகவரிக்குச் செல்கின்றன, அங்கே சேராவிட்டால் எங்கே திரும்புகின்றன என்பவற்றைப் பொறுத்தே அது அமைகிறது.

திருப்பி அனுப்புவது காப்பகம் ஆகாது

ஒவ்வொரு ஊழியரின் பெட்டியிலும் ‘ஃபார்வர்ட்’ விதி ஒன்றை அமைத்து, எல்லா அஞ்சல்களும் ஒரு பொது முகவரிக்கு வருமாறு செய்தால் போதும் எனச் சிலர் கருதுகின்றனர். அவ்விதி வரும் அஞ்சலை மட்டுமே அனுப்பும். நாம் அனுப்பிய மறுமொழி அதில் இராது.

காப்பகத்துக்கு உரிய முறை ‘ஜர்னலிங்’ எனப்படுகிறது. இதில் அஞ்சல் சர்வரே, செல்வதும் வருவதுமான ஒவ்வோர் அஞ்சலுக்கும் ஒரு நகல் எடுத்து, அதனை ஓர் உறையில் இட்டு அனுப்புகிறது. அனுப்பியவர் யார், பெற்றவர்கள் யார் யார் என்பது அந்த உறையின்மேல் பதிவாகிறது. மறைநகலாக, அதாவது ‘பிசிசி’யில் சேர்க்கப்பட்டவர்களும், குழு முகவரிக்குள் அடங்கியவர்களும் அப்பதிவில் இடம்பெறுவர். உள்ளே மூல அஞ்சல் மாற்றமின்றி இருக்கும்.

மூன்று முகவரிகள்

இந்த ஏற்பாட்டில் நாம் கவனிக்க வேண்டிய முகவரிகள் மூன்று.

முதலாவது, காப்பக முகவரி. இதனைக் காப்பகச் சேவை வழங்குபவர் தருவார். மைக்ரோசாஃப்ட் 365இல், அதே சேவையில் உள்ள ஓர் அஞ்சல் பெட்டியை இதற்குக் கொடுக்க இயலாது. வெளியே உள்ள காப்பகத்தின் முகவரியே தேவை. ஓர் எழுத்து பிழைத்தாலும் நகல்கள் சேர வேண்டிய இடம் சேரா. இம்முகவரியை இணையதளத்திலோ முகவரி அட்டையிலோ வெளியிடக் கூடாது. நம் அஞ்சல் சர்வரிலிருந்து வருவனவற்றை மட்டுமே அது ஏற்குமாறும், நகல்கள் மறையாக்கம் செய்யப்பட்ட இணைப்பில் செல்லுமாறும் அமைக்கச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, மாற்று முகவரி. காப்பகம் செயலிழந்த வேளையில் சேராமல் திரும்பும் நகல்கள் இங்கே வரும். பெரும்பாலும் கவனிக்கப்படாமல் விடப்படுவது இதுவே. உரிமையாளரின் சொந்த முகவரியை இவ்விடத்தில் இடுவது எளிதாகத் தோன்றலாம். ஆனால் மைக்ரோசாஃப்ட் 365இல், இங்கே குறிக்கப்படும் பெட்டிக்கு வருவதும் அதிலிருந்து செல்வதும் ஜர்னலிங்கில் சேர்வதில்லை. அப்படிச் செய்தால் உரிமையாளரின் கடிதங்களே காப்பகத்தில் இல்லாமல் போகும். ஆகவே இதற்கெனத் தனிப் பெட்டி ஒன்றை ஒதுக்கி, அதனை வாரந்தோறும் ஒருவர் பார்க்கச் செய்வது நன்று.

மூன்றாவது, யாருடைய அஞ்சல்கள் நகலெடுக்கப்படுகின்றன என்னும் பட்டியல். விற்பனை, கணக்கு போன்ற பொது முகவரிகளும், நிறுவனத்தின் இரண்டாவது டொமைனும் இதில் அடங்கியுள்ளனவா என்று பார்க்க வேண்டும். கணக்கு மென்பொருள் வேறொரு சர்வர் வழியாக விலைப்பட்டியல்களை அனுப்பினால், அவை நம் அஞ்சல் சர்வரைத் தொடுவதில்லை, நகலும் உண்டாவதில்லை. அவற்றையும் நம் சர்வர் வழியாகவே செலுத்த வேண்டும்.

எவ்வளவு காலம்?

2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், கணக்கேடுகளையும் அவற்றுக்குரிய சான்றுச்சீட்டுகளையும் 8 நிதியாண்டுகளுக்குப் பாதுகாக்கச் சொல்கிறது. சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தில், ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள். வரவு செலவுக்குச் சான்றாகும் அஞ்சல்களுக்கும் இக்காலத்தை அளவாகக் கொள்ளலாம். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, மின்னணுப் பதிவு பின்னர் எடுத்துப் பார்க்கத்தக்கதாகவும், எங்கிருந்து எங்கே, எந்நாளில் எந்நேரத்தில் சென்றது என்னும் விவரங்களுடனும் இருக்க வேண்டும் என்கிறது. வழக்கு என்று வந்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்‌ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழும் இணைக்க வேண்டும். எனவே காப்பகத்தின் பொறுப்பாளர் யார் என்பதை இப்போதே எழுத்தில் குறித்துவைப்பது நலம். அஞ்சல்கள் நகலெடுக்கப்படுவதை ஊழியர்களுக்கும் முன்னரே தெரிவிக்க வேண்டும்.

அறியாத முகவரி ஓர் எச்சரிக்கை

மோசடிக்காரர்கள் ஒருவரின் அஞ்சல் பெட்டிக்குள் நுழைந்தால், தங்கள் முகவரிக்கு நகல் செல்லுமாறு ஒரு விதியை அமைத்துவிடுவதுண்டு. பிறகு கடிதப் போக்குவரத்தைப் படித்து, தக்க தருணத்தில் “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது” என்று விற்பனையாளரின் பெயரில் எழுதுவர். நம் நகல்கள் செல்ல வேண்டிய முகவரிகள் ஒரு தாளில் குறிக்கப்பட்டிருந்தால், அதில் இல்லாத முகவரி உடனே கண்ணில் படும். கணக்கு எண் மாற்றம் பற்றிய எந்த அஞ்சலையும், முன்பே தெரிந்த தொலைபேசி எண்ணில் பேசி உறுதிசெய்த பின்னரே ஏற்க வேண்டும். பணம் தவறான கணக்குக்குச் சென்றுவிட்டால், தாமதமின்றி உங்கள் வங்கிக் கிளைக்கும், தேசிய சைபர் குற்ற உதவி எண் 1930க்கும் தெரிவியுங்கள்.

மாதம் ஒரு சோதனை

ஊழியரிடமிருந்து ஊழியருக்கு, ஊழியரிடமிருந்து வெளியாருக்கு, வெளியாரிடமிருந்து ஊழியருக்கு, மறைநகலுடன் வெளியாருக்கு என நான்கு சோதனை அஞ்சல்களை மாதம் ஒருமுறை அனுப்பி, நான்கும் காப்பகத்தில் கிடைக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள். மாற்று முகவரியின் பெட்டியையும் அன்றே திறந்து பாருங்கள். தேதியையும் முடிவையும் பதிவேட்டில் எழுதி, பொறுப்பாளர் கையொப்பமிடட்டும். வங்கிக் கணக்கு அறிக்கையை மாதந்தோறும் பேரேட்டோடு ஒப்பிடும் வழக்கம் உள்ள நிறுவனங்களுக்கு, அதே நாளில் இதற்கும் அரை மணி நேரம் ஒதுக்குவது கடினம் அன்று.