சங்கத்து மோட்டார் வண்டி: வைத்திருப்பதா, விற்பதா?

தறியின் தேய்மானத்தைப் பற்றி நம் அங்கத்தினர்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அச்சு தேய்வதை நெசவாளரின் கை அறியும். பம்புசெட்டின் ஓசை மாறுவதை விவசாயியின் காது அறியும். மோட்டார் காரின் சங்கதி வேறு. ஓடினாலும் தேய்கிறது, வேப்பமரத்து நிழலில் சும்மா நின்றாலும் தேய்கிறது. உறுப்புகள் தேய்வதற்கு முன்னரே அதன் விலை தேய்ந்துவிடுகிறது. இதனை உணராமையால் சங்கப் பணமும் குடும்பப் பணமும் வீணாவதை ஆய்வுப் பணியில் பலமுறை கண்டிருக்கிறேன். ஆகவே இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுதத் துணிந்தேன்.

2025ஆம் ஆண்டின் கடைசியில், புதுச்சேரி நகரை அடுத்த ஒரு நெசவாளர் சங்கத்திற்கு ஆய்வுக்குச் சென்றிருந்தேன். நிர்வாகக் குழு கூடியிருந்தது. பேச்சு சங்கத்துக் காரைப் பற்றியது. 2017இல் 6,00,000 ரூபாய்க்கு வாங்கிய வண்டி. ஆண்டுதோறும் எஞ்சிய மதிப்பில் நூற்றுக்கு 15 வீதம் தேய்மானம் கழித்ததில், எட்டாண்டு முடிவில் அதன் மதிப்பு சுமார் 1,63,500 ரூபாய் என ஐந்தொகையில் நின்றது. ஒருவர் 1,90,000 ரூபாய்க்குக் கேட்டிருந்தார்.

தலைவர், "ஏட்டு மதிப்புக்கு மேல் 26,500 ரூபாய் இலாபம் வருகிறது. கொடுத்துவிடலாம்" என்றார். உடனே இயக்குநர் ஒருவர், "ஆறு லட்சம் கொடுத்து வாங்கியதை இரண்டு லட்சத்துக்கும் குறைவாக விற்றோம் என்று மகாசபையில் யார் எழுந்து பதில் சொல்வது? நான்கு லட்சத்திற்கு மேல் நட்டமல்லவா?" என்று மறுத்தார். ஒரு மணி நேரம் இவ்வாறே வாதம் நடந்தது. இருவரும் சங்கத்தின் நன்மையையே நாடியவர்கள். இருவர் கணக்கும் பிசகு.

ஏட்டு மதிப்பு என்பது விலையன்று. வாங்கிய தொகையைப் பல ஆண்டுகளின் செலவாகப் பிரித்து எழுதுவதற்கு ஏற்பட்ட முறை அது. வருமான வரிக் கணக்கில், வாடகைக்கு விடாத காருக்கு எஞ்சிய மதிப்பில் நூற்றுக்கு 15 என்ற வீதம் வழங்கிவருகிறது. நன்றாகப் பேணிய வண்டிக்கும், பள்ளத்தில் இறக்கிக் கெடுத்த வண்டிக்கும் ஒரே வீதந்தான். காப்பீட்டுக் கம்பெனிகளின் அட்டவணையோ வேறு. ஆறு மாதம் வரை நூற்றுக்கு 5, ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, அதன்பின் ஆண்டுக்குப் பத்துப் பத்தாக ஏறி ஐந்தாண்டு வரை 50 எனக் கழிப்பர். ஐந்தாண்டு கடந்த வண்டிக்கு இரு தரப்பும் ஒப்பிய தொகையே மதிப்பு. அங்கும் நாம் கொடுத்த விலையிலிருந்து கழிப்பதில்லை. காப்பீடு புதுப்பிக்கும் நாளில் அம்மாதிரி வண்டிக்கு உற்பத்தியாளர் வைத்துள்ள விலையிலிருந்துதான் கழிக்கின்றனர். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களின் ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்தது. புது வண்டி மலிந்தால் பழைய வண்டி தானே இறங்கும். அதற்கு முந்திய மாதம் பழைய வண்டி வாங்கியவர், ஒரு மைலும் ஓட்டாமலே பணம் இழந்தார்.

இனி அந்த 26,500 ரூபாய் "இலாபம்". சங்கம் ஜி.எஸ்.டி. பதிவு பெற்று, வருமான வரியில் தேய்மானமும் கழித்து வந்திருந்தால், விற்ற விலைக்கும் தேய்ந்த மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்திற்கு 18 சதவிகிதம் வரி உண்டு. 2025 ஜனவரி 25 முதல் எல்லாவகைப் பழைய வண்டிகளுக்கும் இந்த ஒரே வீதம். இங்கே அது சுமார் 4,770 ரூபாய். ஏட்டு மதிப்புக்குக் கீழே விற்றால் இவ்வரி இல்லை. அங்கத்தினர் ஒருவர் பதிவின்றித் தம் சொந்தக் காரை விற்றாலும் இல்லை.

நான்கு லட்சம் நட்டம் என்ற பேச்சுக்கு நான் ஒன்றே சொன்னேன். அந்தத் தொகை எட்டாண்டு காலம் நூல் மூட்டை ஏற்றியும், கடலூருக்கும் சென்னைக்கும் சேலை கொண்டு சென்றும் ஏற்கெனவே செலவாகிவிட்டது. விற்றாலும் வராது, வைத்திருந்தாலும் வராது. போனதை வைத்து இனி நடப்பதைத் தீர்மானிக்கலாகாது.

அதுவரை வாய் திறவாமல் மூலையில் அமர்ந்திருந்த முதிய நெசவாளர் ஒருவர், "அது கிடக்கட்டும் ஐயா. இன்னும் ஒரு வருஷம் வைத்திருந்தால் என்ன பிடிக்கும்?" என்று கேட்டார். கேட்கவேண்டிய கேள்வி அதுதான்.

காரியதரிசி தாளும் பேனாவும் எடுத்தார். இன்று 1,90,000 பெறும் வண்டி அடுத்த ஆண்டு 1,60,000 பெறலாம், இறக்கம் 30,000. நான்கு டயர், கிளட்ச், பாட்டரி ஆகியவற்றிற்கு மெக்கானிக் போட்ட மதிப்பீடு 45,000. காப்பீடு 9,000. விற்ற பணத்தை வைப்பில் போட்டால் நூற்றுக்கு 7 வட்டியில் வரக்கூடிய 13,300ஐ நாம் விட்டுக்கொடுக்கிறோம். ஆக 97,300 ரூபாய். வட்டியைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. பணம் இரும்பாக நின்றாலும் பணந்தானே?

பிறகு வண்டி ஓட்டக் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினோம். ஆண்டு முழுவதிலும் வண்டி வெளியே சென்ற நாட்கள் 64. நாளொன்றுக்கு 1,520 ரூபாய். பெட்ரோலும் டிரைவர் கூலியுமாக 1,700 சேர்த்தால் 3,220. தெருமுனை வாடகைக் கார்க்காரர் எல்லாம் அடங்க நாளுக்கு 2,800 கேட்டார். ஆண்டில் 89 நாட்களாவது வண்டி ஓடினால்தான் சொந்த வண்டி கட்டும். இதே வண்டி 150 நாள் ஓடும் சங்கமாயிருந்தால், டயர் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள் என்றே சொல்லியிருப்பேன்.

புது வண்டி வாங்கலாமே என்றார் இளைய இயக்குநர். ஏழு லட்சம் ரூபாய் வண்டி, காப்பீட்டு அட்டவணைப்படியே முதலாண்டில் 1,05,000 இழக்கும், வட்டி 49,000, இரண்டும் 1,54,000. அதே இனத்தில் மூன்றாண்டு ஓடிய வண்டியை 4,90,000க்கு வாங்கினால் இறக்கம் 70,000, வட்டி 34,300, மொத்தம் 1,04,300. இவ்விரண்டிலும் காப்பீடும் பராமரிப்பும் தனி. ஆகையால் பழுதுச் செலவு மிகுந்த பழைய வண்டிகூடப் புது வண்டியைவிட மலிவாகவே இருப்பதுண்டு. பழுது பார்த்த மறுமாதமே மீண்டும் பட்டறைக்குப் போகும் வண்டியும், தீபாவளிச் சரக்கோடு திண்டிவனம் சாலையில் நின்றுவிடும் வண்டியும் இக்கணக்கில் அடங்கா. விற்பதென்று முடிவு செய்தபின் வண்ணம் பூசிப் பெருஞ்செலவு செய்வதும் வீண்; அச்செலவை வாங்குபவர் முழுதும் திருப்பித் தரமாட்டார்.

கார் என்றால் விலை நிற்கும் என்று முதியோர் சிலர் இன்னும் நம்புவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. லைசென்சு முறை இருந்த காலத்தில் அம்பாசடருக்கும் பத்மினிக்கும் பதிந்துவிட்டு ஆண்டுக் கணக்கில் காத்திருக்க வேண்டும். உடனே கிடைக்கும் பழைய வண்டி அதனாலேயே விலை பெற்றது. 1983இல் மாருதி வந்ததும், 1991க்குப் பின் பல கம்பெனிகள் வந்ததும் அந்நிலையை மாற்றின. அம்பாசடர் தயாரிப்பும் 2014இல் நின்றது.

பழைய வண்டி வாங்குவோர் கவனிக்க வேண்டியவை பல. 1970இல் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் பழைய கார்ச் சந்தையை உதாரணமாக வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். 2001இல் நோபல் பரிசும் பெற்றார். வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகையால் வாங்குபவர் எல்லா வண்டியையும் சந்தேகித்துக் குறைத்தே கேட்பார். அவ்விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்க வரமாட்டார். அவர் சொன்னதன் சாரம் இது. எனவே ஒவ்வொரு பில்லையும், பட்டறைக் குறிப்பையும் சேர்த்து வைத்திருக்கும் சங்கம் நல்ல விலைக்கு விற்கும். வாங்கும்போதும் அப்படிக் காகிதம் காட்டுபவரிடமே வாங்க வேண்டும்.

நம் ஊருக்கென்றே இரண்டு சங்கடங்கள் உண்டு. ஒன்று கடற்காற்று. கடற்கரையை ஒட்டி ஆண்டுக் கணக்கில் வெட்டவெளியில் நின்ற காரின் கதவு அடிப்பாகமும் தரைத்தகடும் உள்ளே உளுத்திருக்கும். மேலே வண்ணம் பளபளக்கும். மற்றொன்று வெள்ளம். 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர் போன்ற தாழ்ந்த இடங்களில் தண்ணீர் புகுந்தது. அப்படி நீரில் நின்ற வண்டி காய்ந்து, துடைத்து, விலைக்கு வருவதுண்டு. இருக்கைப் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக்கறை அங்கே தங்கும். இருக்கைக்கு அடியிலுள்ள தண்டவாளத்தில் துரு, தரைவிரிப்பைத் தூக்கினால் புழுங்கிய வாடை, மின்கம்பி இணைப்புகளில் பச்சைக் களிம்பு ஆகியவையும் சாட்சி சொல்லும். தெரிந்த மெக்கானிக்கைக் கையோடு அழைத்துச் செல்வது உத்தமம். அவருக்குக் கொடுக்கும் கூலியை மிச்சப்படுத்தி அனுபவித்தவர்கள் உண்டு.

பி.ஒய். எண்ணுள்ள வண்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் கொம்யூன்களும் தமிழ்நாட்டுக் கிராமங்களும் பாவும் ஊடையுமாகப் பின்னிக் கிடக்கின்றன. நகரத்தில் வண்டி வாங்கிக் கடலூர்ப் பக்கத்து வீட்டில் நிறுத்தும் அங்கத்தினர் பலர். வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்திற்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்யவேண்டும் என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு. அங்குள்ள வரியையும் கட்டவேண்டும். இங்கே வரி குறைவென்று வெளி மாநிலத்தவர் பொய் முகவரி கொடுத்து உயர்ந்த கார்களைப் பதிந்ததாக 2017இல் பெரும் சர்ச்சை எழுந்து, விசாரணையும் நடந்தது நினைவிருக்கலாம். மலிவாய்க் கிடைத்தது என்று மகிழுமுன் தடையில்லாச் சான்றையும் மறுபதிவுச் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். பதிவு பதினைந்து ஆண்டுக்கே செல்லும். அதைப் புதுப்பிக்கும் கட்டணம் காருக்கு 600 ரூபாயிலிருந்து 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்ந்தது. ஆகவே பதினான்காவது ஆண்டு வண்டியை நயமாகத் தள்ளிவிடப் பார்ப்பவர் பலர்.

விற்பவருக்குள்ள பேராபத்து விலையில் இல்லை, பெயரில் இருக்கிறது. வேறொரு சங்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வெற்றுப் படிவங்களில் தலைவர் கையெழுத்திட்டுத் தரகரிடம் கொடுத்தார், பணம் முழுதும் வந்தது, வண்டி போயிற்று. மூன்றாண்டு கழித்து, எங்கோ நடந்த விபத்திற்கு நட்ட ஈடு கேட்டு அச்சங்கத்திற்கு நோட்டீசு வந்தது. வண்டி கைமாறிக் கைமாறி ஓடிக்கொண்டிருந்தது, காப்பீடு இல்லை, பதிவில் மட்டும் சங்கத்தின் பெயர் அப்படியே இருந்தது. நெசவாளரின் பங்குத்தொகைக்கு வந்த கேடு அது. 2018 பிப்ரவரியில் நவீன்குமார் எதிர் விஜயகுமார் என்ற வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாக்கியது. அங்கும் வண்டி பல கை மாறியிருந்தது. எனினும் விபத்து நாளில் பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர், அவரே பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று.

விற்றவர் 14 நாட்களுக்குள் போக்குவரத்துத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் பெயர் மாற்றம் கோரவேண்டும். படிவ எண்கள் 29, 30. கடனில் வாங்கிய வண்டியாயின் அடமானப் பதிவை நீக்கும் 35ஆம் படிவமும் தேவை. காப்பீட்டை மாற்றிக்கொள்ள வாங்கியவருக்கு 14 நாள். விபத்தின்றி ஓட்டியதற்குக் கிடைத்த 'நோ கிளெய்ம் போனஸ்' வண்டியோடு போகாது, விற்றவருடையது. அதைத் தம் அடுத்த வண்டிக்குக் கேட்டுப் பெறலாம். இதை அறியாமல் விட்டவர்கள் எத்தனையோ பேர்.

முதலில் சொன்ன சங்கம் விலையை 1,85,000க்கு ஒத்துக்கொண்டு, வாங்குபவர் நேரில் வந்தால்தான் கையெழுத்து என்று நிபந்தனை போட்டது. அவர் வந்தார். காரியதரிசி அவரோடு போக்குவரத்துத் துறை அலுவலகம் சென்று, படிவங்களைச் சேர்த்து, ரசீதின் நகலைத் தீர்மானப் புத்தகத்தில் ஒட்டினார். பணம் ஓராண்டு வைப்பில் இருக்கிறது. வாடகை வண்டி எடுத்த நாட்களுக்கென்று தனிப் பதிவேடு திறந்திருக்கிறார்கள். ஓராண்டு நிறைந்ததும் நாட்களை எண்ணிப் பார்த்து, 89ஐத் தாண்டினால் மட்டுமே வண்டிப் பேச்சை மகாசபைக்குக் கொண்டுவருவதென்று தீர்மானம்.