உஷார்! எப்போதாவது ஃபெயிலாகும் டெஸ்ட்டை ரீ-ரன் போட்டு மறைக்காதீர்கள்

ராஜபாளையத்திலும் கிருஷ்ணன்கோவிலிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் பிள்ளைகள், படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டவர்கள், பாடம் நடத்தும் ஆசிரியர்கள் எல்லோரும் கொஞ்சம் காது கொடுங்கள். மல்டி-த்ரெட் புரோகிராமுக்கு ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஓட்டுகிறீர்கள். நூறு தடவை பாஸ். அடுத்தது ஃபெயில். திரும்ப ஓட்டினால் மறுபடி பாஸ். ‘லேப் மெஷின் கோளாறு’ என்று முடிவு கட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறீர்கள். போகாதீர்கள்! அந்த ஒரு ஃபெயில்தான் அத்தனை நேரம் ஓடிய டெஸ்ட் உங்களுக்குச் சொன்ன உருப்படியான சேதி.

கல்லூரி ப்ராஜெக்ட்களில் டிக்கெட் புக்கிங் என்பது பழகிய தலைப்பு. பொதிகை எக்ஸ்பிரஸில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து எழும்பூருக்கு ஒரே ஒரு பெர்த் மீதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு த்ரெட் வந்து மீதியைப் பார்க்கிறது, 1. அது கழிப்பதற்குள் இன்னொரு த்ரெட் வந்து பார்க்கிறது, அதற்கும் 1. இரண்டும் டிக்கெட் போட்டுவிடுகின்றன. ஒரு பெர்த்துக்கு இரண்டு பேர். புரோகிராமை வரி வரியாகப் படித்தால் தப்பு எதுவும் தெரியாது. பார்ப்பதற்கும் கழிப்பதற்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் பக் இருக்கிறது. ‘மீதியில் ஒன்றைக் கழி’ என்று ஒரே வரியாக எழுதினாலும் உள்ளே மூன்று வேலை நடக்கிறது: படிப்பது, கழிப்பது, திருப்பி எழுதுவது. அந்த மூன்றுக்கு நடுவிலும் இன்னொரு த்ரெட் புகுந்துவிடும். ரேஸ் கண்டிஷன் என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான்.

இதை லேபில் ஓட்டிப் பார்த்தால் பெரும்பாலும் எதுவும் நடக்காது. ஏன் தெரியுமா? ஒரு த்ரெட்டைத் தொடங்கவே கொஞ்சம் நேரம் பிடிக்கும். நீங்கள் கொடுத்த வேலை வெறும் நூறு சுற்று என்றால், இரண்டாவது த்ரெட் கிளம்புவதற்குள் முதல் த்ரெட் வேலையை முடித்துவிட்டுப் போய்விடும். இரண்டும் சந்தித்துக்கொள்ளவே இல்லை. டெஸ்ட் பச்சை காட்டுகிறது, நீங்களும் நம்பிவிடுகிறீர்கள். ஆடிப்பூரத் தேருக்கு ஊர் திரும்புகிறவர்கள் மொத்தமாக டிக்கெட் போடும் நாளில் அந்த இரண்டும் சந்திக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் தடவைக்கு ஒரு தடவை வரும் பக் என்றால், நூறு தடவை ஓட்டியும் அது கண்ணில் படாமல் போக 90 சதவீத வாய்ப்பு. ஆயிரம் தடவை ஓட்டினாலும் சுமார் 37 சதவீதம். ஏறக்குறைய மூவாயிரம் தடவை விடாமல் பாஸ் ஆனால்தான் ‘சரி செய்துவிட்டேன்’ என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். பத்துத் தடவை ஓட்டிவிட்டு ‘ஃபிக்ஸ்டு’ என்று எழுதுவது பொய்க் கையெழுத்து. ராஜபாளையத்து நூற்பாலை ஷிஃப்ட் போல இரவு பகலாக ஓடும் சர்வரில் ஆயிரத்தில் ஒன்று என்பது தினசரி நடக்கிற சமாச்சாரம்.

இந்த மாதிரி பக்கால் உயிரே போயிருக்கிறது. தெராக்-25 என்பது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் இயந்திரம். 1985 முதல் 1987 வரை ஆறு நோயாளிகளுக்கு அளவு மீறிய கதிர்வீச்சைப் பாய்ச்சியது. 1986 மார்ச்சில் அமெரிக்காவின் டைலர் நகரத்தில் ஒருவர் மீது பாய்ந்தபோது, தயாரித்த கம்பெனியின் இன்ஜினியர்கள் வந்து சோதித்தார்கள். அவர்கள் கையில் அந்தக் கோளாறு வரவே இல்லை. இயந்திரம் திரும்ப ஓடத் தொடங்கியது. ஏப்ரலில் அதே இடத்தில் இன்னொருவர் மீது பாய்ந்தது. இருவருமே பின்னர் இறந்துபோனார்கள். இரண்டாவது விபத்து நடந்த கையோடு அந்த மருத்துவமனையின் இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் ஹேகர், இயந்திரத்தை இயக்கிய பெண்ணை உட்காரவைத்து, அன்று செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னார். ரகசியம் வேகத்தில் இருந்தது. பழகிய கை அந்தப் பெண்ணுடையது. தப்பாக அடித்த எழுத்தைச் சட்டென்று திருத்திவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். இயந்திரத்தின் காந்தங்கள் அமைய எட்டு விநாடி ஆகும். அதற்குள் திருத்தினால் அந்தத் திருத்தம் புரோகிராமின் இன்னொரு பகுதிக்குப் போய்ச் சேரவில்லை. நிதானமாகத் தட்டிச் சோதித்தவர்களுக்கு அது சிக்காததில் ஆச்சரியமே இல்லை.

2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனதே, அதிலும் ரேஸ் கண்டிஷனுக்குப் பங்கு உண்டு. ஒஹையோ மின்நிறுவனத்தின் அலாரம் சாஃப்ட்வேர் பிற்பகலிலேயே ஊமையாகிவிட்டது. லைன்கள் ஒவ்வொன்றாக விழுவது கட்டுப்பாட்டு அறைக்குத் தெரியவில்லை. அதற்கு முன் பல இடங்களில் மொத்தம் 30 லட்சம் மணி நேரத்துக்கு மேல் ஓடியும் அந்த பக் தலைகாட்டியதில்லை. பல வாரம் தேடினார்கள். கடைசியில் கோடுக்குள் வேண்டுமென்றே தாமதங்களைச் செருகி, அலாரங்களைக் கொட்டிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது.

இங்கேதான் உஷார் வேண்டும். அதே தாமதத்தை நம் பிள்ளைகள் தலைகீழாகப் பயன்படுத்துகிறார்கள். டெஸ்ட் ஃபெயிலானால் நடுவில் ஒரு ஸ்லீப் போடுகிறார்கள், பாஸ் ஆகிவிடுகிறது. பக் போகவில்லை, வேறு நேரத்துக்கு ஒத்திப்போயிருக்கிறது, அவ்வளவுதான். பிரிண்ட் வரி போட்டுப் பார்ப்பதும் அப்படியே. ஜாவாவில் பிரிண்ட் செய்யும்போது உள்ளேயே ஒரு லாக் பிடிக்கப்படுகிறது. அது த்ரெட்களை வரிசையில் நிறுத்திவிடும். நீங்கள் எட்டிப் பார்த்ததாலேயே பக் ஒளிந்துகொள்கிறது. அந்த வரியை எடுத்த மறுநாள் திரும்ப வரும்.

என்ன செய்யலாம்? எல்லா த்ரெட்களையும் வாசலில் நிறுத்தி ஒரே நேரத்தில் திறந்துவிடுங்கள். ஜாவாவில் அதற்கு கவுண்ட்டவுன்லாட்ச் இருக்கிறது. சுற்றை லட்சக்கணக்கில் வையுங்கள். கோர்களைவிட அதிக த்ரெட்களோடு ஒரு தடவை, குறைவாக ஒரு தடவை ஓட்டுங்கள். சந்தேகப்படும் இடைவெளிக்குள் நீங்களே தாமதத்தைச் செருகுங்கள். ஃபெயிலானவுடன் ரேண்டம் சீட், ஓட்டப் பதிவு (log) எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். டெஸ்ட் முடியாமல் தொங்கி நின்றால் கன்ட்ரோல்-சி அடிக்கக் கை நீளும். அதற்கு முன்னால், ஜாவா என்றால் ஜேஸ்டாக் போட்டு த்ரெட் டம்ப் எடுங்கள். எந்த த்ரெட் எந்த லாக்குக்காகக் காத்திருக்கிறது என்பது அதில் அப்படியே இருக்கும்.

சி, சி++ எழுதுகிறவர்களுக்கு த்ரெட்சானிடைசர், கோ (Go) மொழியில் எழுதுகிறவர்களுக்கு ரேஸ் டிடெக்டர் என்று இலவசக் கருவிகள் உள்ளன. விடை தப்பாக வரும்வரை இவை காத்திருப்பதில்லை. லாக் இல்லாமல் இரண்டு த்ரெட்கள் ஒரே இடத்தைத் தொட்டு, அதில் ஒன்றாவது எழுதினாலே பிடித்துக் கொடுக்கும். த்ரெட்சானிடைசரோடு ஓட்டினால் புரோகிராம் ஐந்து முதல் பதினைந்து மடங்கு மெதுவாகும், ஆகட்டும். ஓடாத கோடில் உள்ள பக்கை மட்டும் இவற்றாலும் காட்ட முடியாது. இன்டெல் லேப்டாப்பில் பாஸான கோட், நினைவகத்தில் எழுதும் வரிசையைத் தளர்வாக வைத்திருக்கும் ஏஆர்எம் செல்போனில் சறுக்கலாம். அங்கேயும் ஓட்டிப் பாருங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வைவாவில் ‘டெஸ்ட் பாஸா?’ என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். எத்தனை தடவை ஓட்டினாய், ஃபெயிலானது எத்தனை, அந்த ஃபெயிலின் பதிவு எங்கே என்று கேளுங்கள். பதிவைக் காட்டும் பிள்ளைக்கு மார்க் கூடப் போடுங்கள்.