தினம் தெளிச்சா புல் இளைக்கும்!

மாசி பிறந்து வெயில் ஏற ஆரம்பித்ததுமே, வாசலில் துண்டுப் புல்தரை வைத்திருக்கும் வீடுகளில் ஒரு குரல் கேட்கும். "புல்லு வாடுது பாருங்கோ, காலையிலயும் சாயந்திரமும் கொஞ்சம் தண்ணி காட்டிடுங்கோ!" வீட்டுக்காரரும் ஹோஸ் பைப்பைப் பிடித்து அஞ்சு நிமிஷம் மழை மாதிரி தெளித்துவிட்டு, கடமை முடிந்தது என்று பேப்பர் படிக்கப் போய்விடுவார்.

பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் சித்திரை வந்ததும் அதே புல் பழுத்துப்போய் நிற்கும். "இவ்வளவு தண்ணி ஊத்தியும் இப்படி ஆயிடுச்சே!" என்று அங்கலாய்ப்பு வேறு. தண்ணீர் குறைச்சல் இல்லை. கொடுத்த விதம்தான் தப்பு. அந்தத் தப்பில் புல் மட்டுமா போகிறது? சம்ப்பில் இருக்கும் தண்ணீரும் போகிறது, கொசுவும் சேர்ந்து வருகிறது. அதனால்தான் ஆரோக்கியப் பக்கத்தில் இந்தப் புல் புராணம்!

வேர் எங்கே போகும்?

தண்ணீர் எங்கே இருக்கிறதோ, வேர் அங்கேதான் போகும். தினமும் அஞ்சு நிமிஷம் தெளித்தால் மேல்மண் ஓர் அங்குலம்தான் நனையும். வேரும் 'இங்கேயே சாப்பாடு கிடைக்குதே' என்று மேலேயே தங்கிவிடும். பத்து மணி வெயிலில் அந்த ஓர் அங்குலமும் காய்ந்துவிட, புல் தவித்துப்போகும்.

வாரத்தில் சில நாள் மட்டும் ஆழமாக நனைத்து, நடுவில் மண்ணைக் கொஞ்சம் காயவிட்டுப் பாருங்கள். வேர் தண்ணீரைத் தேடிக் கீழே இறங்கும். அப்புறம் இரண்டு நாள் நீங்கள் ஊருக்குப் போனாலும் புல் கவலைப்படாது.

ஆழமாக நனைந்ததா என்று பார்க்க ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவர் போதும். தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் கழித்து மண்ணில் குத்துங்கள். நாலு முதல் ஆறு அங்குலம் சுலபமாக இறங்கினால் சரி. பாதியிலேயே முட்டினால் இன்னும் கொஞ்சம் விட வேண்டும்.

எவ்வளவு தண்ணீர்?

ஒரு சதுர மீட்டர் தரையில் 1 லிட்டர் தண்ணீரைப் பரப்பினால் 1 மி.மீ. உயரம் நிற்கும். கோடையில் புல்தரைக்கு வாரத்துக்குச் சுமார் 25 மி.மீ. தண்ணீர் என்பது பொதுவான கணக்கு. 20 அடிக்கு 10 அடி, அதாவது 200 சதுர அடி புல்தரை என்றால் வாரத்துக்குச் சுமார் 465 லிட்டர்.

"அடேயப்பா, அவ்வளவா?" என்று மலைக்க வேண்டாம். 15 லிட்டர் வாளி ஒன்றை ஹோஸ் பைப்பால் நிரப்பி, எத்தனை நிமிஷம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு நிமிஷத்தில் நிரம்பினால் வாரத்துக்கு மொத்தம் 31 நிமிஷம். இரண்டு நாளாகப் பிரித்தால் தடவைக்குக் கால் மணி நேரம்தான். அதே பைப்பைப் போட்டுவிட்டு டி.வி. முன்னால் ஒரு மணி நேரம் மறந்து உட்கார்ந்தால் 900 லிட்டர் போச்சு!

சுழலும் தெளிப்பான் வைத்திருப்பவர்கள், ஒரே மாதிரி தட்டை டப்பாக்கள் நாலைந்தைப் புல்லில் அங்கங்கே வைத்துக் கால் மணி நேரம் ஓடவிடுங்கள். டப்பாவில் நிற்கும் தண்ணீரை ஸ்கேலால் அளந்தால், எந்த மூலைக்கு அதிகம் போகிறது, எந்த மூலை பட்டினி கிடக்கிறது என்பது தெரிந்துவிடும். கோடை மழை பெய்யும் அன்றும் அதே டப்பாவை வெளியே வையுங்கள். 15 மி.மீ. பெய்திருந்தால் அடுத்த முறை பைப்புக்கு லீவு.

மாசத்துக்கு ஒரு கணக்கு

மாசியில் இரவுக் குளிர் பாக்கி இருப்பதால் வாரம் ஒரு தரம் நன்றாக நனைத்தால் போதும். பங்குனியில் இரண்டு தரம். சித்திரையிலும் அக்னி நட்சத்திரத்திலும் மூன்று தரம். அப்போது வாரத் தேவை 30, 35 மி.மீ. வரை போகலாம்.

மண்ணையும் பாருங்கள். கடற்கரையோர மணல் என்றால் தண்ணீர் நிற்காமல் கீழே ஓடிவிடும். அதே அளவை இன்னும் ஒரு நாள் கூட்டிப் பிரித்துக் கொடுங்கள். களிமண் என்றால் குடிக்கத் தாமதமாகும். பத்து நிமிஷம் விட்டு, அரை மணி நிறுத்தி, மறுபடி பத்து நிமிஷம் விடுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் தெருவுக்குத்தான்!

புல்லே தாகத்தைச் சொல்லும். மேலே நடந்து போன கால் தடம் உடனே நிமிராமல் அப்படியே பதிந்திருந்தால், "தண்ணி வேணும்" என்று அர்த்தம். அதுவரை பொறுத்திருக்கலாம்.

கோடையில் புல்லை ஒட்ட வெட்டவும் கூடாது. ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கத்தரிக்காதீர்கள். கொஞ்சம் உயரமாக இருந்தால் தன் மண்ணுக்குத் தானே நிழல் கொடுத்துக்கொள்ளும்.

காலையா, மாலையா?

அதிகாலைதான் உத்தமம். வெயிலுக்கு முன்னால் தண்ணீர் வேருக்கு இறங்கிவிடும். இலையும் சீக்கிரம் காய்ந்துவிடும். ராத்திரி விட்டால் இலை விடிய விடிய ஈரமாக இருந்து பூஞ்சை நோய்க்கு இடம் கொடுக்கும். உச்சி வெயிலில் விட்டால் புல் வெந்துபோகும் என்று சொல்வார்கள். உண்மையில் புல் வேகாது. தண்ணீர்தான் ஆவியாக வீணாகும்.

காலையில் விடுவதில் இன்னொரு லாபம், சாயந்திரம் குழந்தைகள் விளையாடும்போது தரை காய்ந்திருக்கும். ஈரப் புல்லில் வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொள்ளும் பயம் தாத்தா பாட்டிக்கும் இல்லை.

கொசு எங்கே வளருகிறது?

புல்லில் ஒரு மணி நேரம் தேங்கி வற்றும் தண்ணீரில் கொசு வளராது. முட்டை கொசுவாக மாற இந்த வெயிலில் ஒரு வாரம், பத்து நாள் வேண்டும். ஆபத்து பக்கத்தில் இருக்கிறது. பூந்தொட்டித் தட்டு, சுருட்டிப் போட்ட பைப்பின் மடிப்பு, குழாயடிப் பள்ளம், மூடாத டிரம், மூடி சரியாக உட்காராத சம்ப். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இதெல்லாம் பிரசவ ஆஸ்பத்திரி!

இந்தக் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரச் சுவரில் முட்டையிடும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும், மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும். வாரம் ஒரு நாள் உள்சுவரைத் தேய்த்துக் கழுவி, காயவைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் ஒதுக்கினால் போதும்.

ஏடிஸ் பகலில் கடிப்பது. விடிந்த பிறகு இரண்டு மணி நேரமும், இருட்டுவதற்கு முன்னாலும் அதற்கு நல்ல பசி. அதனால் தண்ணீர் விடும்போது முழுக்கைச் சட்டையும் கால் மூடிய உடையும் நல்லது.

தெருநாய், பூனை வந்து அசிங்கம் செய்யும் தரையில் வெறுங்காலுடன் நடக்காதீர்கள். ஈரமான மணலில் கொக்கிப்புழுவின் குஞ்சுகள் பாதத்துக்குள் நுழையலாம். பாம்பு போல நெளிந்து போகும் சிவப்புக் கோடும் தாங்க முடியாத அரிப்பும் வந்தால், கை வைத்தியம் வேண்டாம். தோல் டாக்டரிடம் காட்டுங்கள். அசிங்கத்தை உடனே அள்ளிப் போட்டுவிட்டால் பாதிக் கவலை தீரும்.

வெயிலில் கிடந்த பைப்பில் முதலில் வரும் தண்ணீர் கொதிக்கும். குழந்தை கையில் கொடுக்கும் முன், அதை ஒரு வாளியில் பிடித்து ஆறவிடுங்கள். ஆறியதும் புல்லுக்கே ஊற்றலாம். முழங்கால், முதுகு வலி உள்ளவர்கள் இரண்டு கையிலும் வாளி தூக்கவே வேண்டாம்.

மிச்சத் தண்ணீர் ஆகுமா?

ஏ.சி.யில் சொட்டும் தண்ணீர் தாராளமாக ஆகும். சோப்பு குறைவாகக் கலந்த குளியல் தண்ணீரை அவ்வப்போது விடலாம். அன்றன்றைக்கே விட்டுவிடுங்கள், தேக்கி வைத்தால் நாறும். பைப்பால் பீய்ச்சாமல் தரையோடு ஓடவிடுங்கள். வாஷிங் மெஷின் தண்ணீரில் டிடர்ஜென்ட் உப்பு அதிகம். வாடிக்கையாக விட்டால் மண் இறுகிவிடும். ஆர்.ஓ. மெஷின் கழிக்கும் தண்ணீரிலும் உப்பு கூடுதல்தான். அது வீடு துடைக்கட்டும்.

தண்ணீரே இல்லை என்றால்?

2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்குமே ஏறக்குறைய வற்றிப்போயின. குடத்தோடு லாரிக்குக் காத்திருக்கும் தெருவில் ஒருவர் புல்லுக்குத் தண்ணீர் பீய்ச்சினால் நன்றாகவா இருக்கும்?

அப்படிப்பட்ட நாட்களில் தைரியமாக நிறுத்திவிடுங்கள். அருகம்புல் லேசில் சாகாது. மேலே பழுப்பாகிக் காய்ந்தாலும், மண்ணுக்கடியில் தண்டு உயிரோடு தூங்கும். மூன்று நாலு வாரத்துக்கு ஒரு தரம் கொஞ்சம் நனைத்து, யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். முதல் நல்ல மழையில் பச்சை திரும்பிவிடும். கொரியன் புல்லுக்கும் எருமைப்புல்லுக்கும் அவ்வளவு பொறுமை கிடையாது. புதிதாகப் புல் போட நினைக்கிறவர்கள் இதை யோசித்துவிட்டு நர்சரிக்குப் போங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் "என்ன ஸார், புல்லு காஞ்சு கிடக்கே?" என்று கேட்டால், "தூங்குது, எழுப்பாதீங்க!" என்று சொல்லிவிடுங்கள்.