விராலின் மேல் விழுந்த புண்

கொட்டியாரக் குடாவை அடுத்த தோப்பூர்ப் பகுதியில் கடல்மீனுக்குக் குறைவில்லை. ஆயினும் குளத்து விராலுக்குள்ள மதிப்பே வேறு. நோயுற்று எழுந்தோர்க்கு உகந்ததென்று பெரியோர் கருதும் மீன் அது. அந்த விராலுக்கே நோய் வந்த காலம் ஒன்றுண்டு.

1987ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையின் நன்னீர் நிலைகளிலே மீன்களின் உடலிற் செம்புண்கள் தோன்றின. தோல் அழுகித் தசை வெளிப்பட்டது. 1971இல் ஜப்பானில் முதன்முதல் அறியப்பட்ட பிணி இது. 1988இல் இந்தியாவிலும் பரவிற்று. நோய் கண்ட இடங்களில் மக்கள் அஞ்சி, நல்ல மீனையும் வாங்க மறுத்தனர். அதனால் வலையை நம்பிய குடும்பங்கள் வாடின.

இப்புண்ணுக்குக் காரணம், பூஞ்சையை ஒத்த 'அபனோமைசிஸ் இன்வடான்ஸ்' என்னும் ஒட்டுண்ணியே. அதன் நுண்வித்துகள் நீரில் நீந்தித் திரிவன. மீனின் தோல் ஊறுபட்ட இடத்திற் பற்றி முளைத்து, இழைகளாகித் தசையைத் துளைப்பன. பெருமழைக்குப்பின் நீர் குளிர்ந்து அமிலத்தன்மை மிகும்போது தோல் நலிகின்றது. பகைக்குக் கதவு திறப்பது அப்பொழுதுதான். 1952இல் இலங்கைக்குக் கொணரப்பட்ட திலாப்பியாவோ இந்நோய்க்கு எளிதில் ஆளாவதில்லை.

இவ்வொட்டுண்ணி மனிதரைத் தொற்றுவதில்லை என்பதை அன்றே யாவரும் அறிந்திருப்பின், வீண் அச்சம் பரவியிராது. சிறு குளங்களிற் சுண்ணாம்பிட்டு நீரின் அமிலத்தன்மையைத் தணிக்கலாம். புண்பட்ட மீனை வேறு குளத்துக்குக் கொண்டு செல்லாதிருத்தல் வேண்டும்.

மாரி தொடங்கியதும் ஆசிரியர்கள் மாணவரை ஊர்க்குளத்தின் கரைக்கு அழைத்துச் செல்வாராக. மீனின் மேனியைப் பார்த்து நீரின் நலத்தை அறியும் கல்வி, ஊரையும் காக்கும். உழைப்போர் உலையையும் காக்கும்.