ஆசிரியரின் விளையாட்டு நினைவும் பாலர் கல்வியும்

பாலர் கல்வி பற்றிய நூல்கள் பிள்ளையின் விளையாட்டை விரிவாக ஆராய்கின்றன. ஆசிரியர் தம் பிள்ளைப் பருவத்தில் எவ்வாறு விளையாடினார் என்பதை அவை பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், விளையாட்டு எது, குழப்படி எது என வகுப்பறையில் கணப்பொழுதில் தீர்மானிப்பவர் அவரே. பயிற்சியிற் கற்ற கோட்பாட்டை முந்திக்கொண்டு அவரது நினைவு அத்தீர்மானத்தில் தலையிடுகின்றது என்பது எமது கருத்து.

இதனை இருவரது வரலாறு கொண்டு விளக்கலாம். 1782இல் ஜேர்மனியின் துரிங்கியப் பகுதியில் மதகுரு ஒருவரின் மகனாகப் பிறந்த பிரெட்றிக் புரோபெல், ஒரு வயது நிறையுமுன் தாயை இழந்தவர். ஊர்த் தேவாலயம் திருத்தப்படுவதைக் கண்டு, கைக்கெட்டிய பொருள்களால் தாமும் கட்ட முயன்று தோற்றதை அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அவர் வகுத்த ‘கொடைகள்’ என்னும் விளையாட்டுப் பொருள்களுள் மூன்றாவது, எட்டுச் சிறு மரக்கட்டைகளாகப் பிரியும் சதுரமுகியாகும். அன்று கிட்டாதது இங்கு பெட்டியில் அடுக்கி வழங்கப்படுகின்றது. ஆனால் ஒரு கட்டையும் மிஞ்சலாகாது; கட்டியதை இடிக்காது பிறிதொன்றாக மாற்றவேண்டும் என்பன விதிகள். தனித்து வளர்ந்த பிள்ளையின் ஒழுங்குவேட்கை இவ்விதிகளிற் படிந்துள்ளதெனக் கொள்ள இடமுண்டு.

1868இல் அமெரிக்காவின் கெந்தக்கி மாநிலத்திற் பிறந்த பற்றி சிமித் ஹில்லின் நினைவு வேறானது. பீப்பாய், பெட்டி, பலகை, செங்கல் எனக் கிடைத்தவற்றைக் கொண்டு வளவில் தடையின்றி விளையாடியவர் அவர். (பிறந்தநாட் பாட்டின் மெட்டு, அவரும் தமக்கையாரும் 1893இல் வெளியிட்ட பாலர் பாட்டொன்றினதே.) புரோபெல் முறையிற் பயின்றும், பிள்ளைகள் தாமே வீடு கட்டி உட்புகத்தக்க பெருங்கட்டைகளை அவர் ஆக்கினார். விளையாட்டு மேசையிலிருந்து நிலத்துக்கு இறங்கியது. ஜோன் டூயியின் தாக்கத்தை நாம் மறுக்கவில்லை. அச்சிந்தனையை ஏற்க அவரை ஆயத்தப்படுத்தியது அவ்வளவே என்கின்றோம்.

எமது முன்பள்ளிகளை நோக்குவோம். வடகிழக்கில் இன்று கற்பிக்கும் ஆசிரியைகளுட் பலர் 1983க்கும் 2009க்கும் இடைப்பட்ட போர்க்காலத்திற் பிள்ளைகளாயிருந்தோர். பதுங்குகுழி வாசலிலும் இடம்பெயர்ந்து தங்கிய கோயில் மண்டபத்திலும் கொக்கான் வெட்டியோர். மலையகத்திலோ, தம்பி தங்கையரைப் பார்ப்பதற்காக விளையாட்டைக் கைவிட்டோர் உளர். ‘விளையாட்டுவழிக் கல்வி’ என்னும்போது இவர்கள் மனத்தில் எழுவது யாது? தமக்குக் கிட்டாததை ஒருவர் புரோபெல் போன்று தாராளமாக வழங்கலாம். இன்னொருவர், பிள்ளை முற்றத்தைத் தாண்டியவுடன் பதைத்து அழைக்கலாம். திறந்த வெளி ஆபத்தென்று கற்ற உடல் அவருடையது. அதனைக் கடுமையென்று குறிப்பேட்டிற் பதியும் மேற்பார்வையாளர் பாதியையே காண்கின்றார்.

இனிய நினைவும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. கிளித்தட்டு மறித்த காலத்தைப் பொற்காலமெனப் போற்றுவோர், அத்தட்டுக்குள் எச்சாதிப் பிள்ளைகள் சேர்க்கப்படவில்லை, பெண்பிள்ளைகள் எந்த வயதில் மறிக்கப்பட்டனர் என்பவற்றைக் கூறுவதில்லை. ஆசிரியப் பயிற்சியில் ‘என்ன விளையாடினீர்கள்’ என்பதோடு, ‘யாரோடு விளையாடவில்லை, யார் நிறுத்தினார்’ என்பனவும் வினவப்படல் வேண்டும்.